தொலைவிலிருந்து காண்பதும் இயக்குவதும்: ஸ்காடா ஓர் எளிய அறிமுகம்

நம் சங்க மலருக்கு ஏதேனும் ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றி எளிய தமிழில் எழுதித் தரும்படி ஆசிரியர் குழுவினர் சென்ற ஆண்டே கேட்டிருந்தார்கள். நான் எலக்ட்ரிகல் டிப்ளமா படித்து, 1980-இல் ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் மின்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். அலுவலகத்தில் எழுதியதெல்லாம் ஆங்கிலம். தமிழில் எழுதியது ஊருக்குப் போட்ட கடிதங்கள் மட்டுமே. ஆகவே தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

போன மாதம் ஒரு மாலை, தேவராஜ மொஹல்லாவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே இரண்டு தலைமுறையாக இருக்கும் குடும்பம். அப்பாவுக்கு மார்க்கெட்டில் வெற்றிலைக் கடை. பெண் இந்த ஆண்டு டிப்ளமா முடித்திருக்கிறாள். ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வுக்கு அழைத்திருக்கிறார்கள்.

"தாத்தா, ஸ்காடா தெரியுமான்னு கண்டிப்பா கேப்பாங்களாம். புஸ்தகத்துல படிச்சேன். எல்லாம் எழுத்து எழுத்தா இருக்கு, ஒண்ணும் மனசுல நிக்கல. நீங்க ரயில்வேல அதைத்தான் பார்த்தீங்கன்னு அப்பா சொன்னாரு" என்றாள்.

"உக்காரும்மா" என்றேன். அவளுக்கு மூன்று மாலைகளில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். இதற்குப் பொறியியல் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும், வீட்டில் மோட்டார் போடும் தாய்மார்களும் தாராளமாகப் படிக்கலாம்.

மாடித் தொட்டியிலிருந்து தொடங்குவோம்

மைசூரில் நம் வீடுகளில் தரைக்கடியில் ஒரு சம்ப், மொட்டை மாடியில் ஒரு தொட்டி. மாநகராட்சித் தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப்பில் நிரம்புகிறது. அதை மோட்டார் போட்டு மேலே ஏற்றுகிறோம். அம்மா அடுக்களையில் இருக்கிறார். சுவிட்சு அடுக்களைச் சுவரில். பையன் மாடியில் நின்று தொட்டியைப் பார்க்கிறான். "முக்கால் தொட்டி ஆச்சும்மா!" என்று கூவுகிறான். சற்று நேரத்தில் "ரொம்பிடுச்சு, நிறுத்துங்க!" என்கிறான். அம்மா சுவிட்சை அணைக்கிறார்.

இதில் ஸ்காடாவின் எல்லா உறுப்புகளும் இருக்கின்றன. தண்ணீரைப் பார்க்கும் பையனின் கண் உணர்கருவி, அதாவது சென்சார். பார்த்ததைச் சொல்லாக மாற்றிக் கீழே அனுப்பும் அவன் வாய், தொலைமுனையம். தொழிலில் இதை ஆர்.டி.யு. என்பார்கள். குரல் இறங்கி வரும் மாடிப்படி, தகவல் தொடர்புப் பாதை. கேட்டு முடிவெடுக்கும் அம்மா, கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கும் இயக்குநர். சுவிட்சும் மோட்டாரும் களத்தில் உள்ள இயந்திரங்கள். "எத்தனை மணிக்குப் போட்டேன், எத்தனை மணிக்கு நிறுத்தினேன்" என்று அம்மா காலண்டரில் குறித்து வைத்தால், அதுதான் தரவுப் பதிவு.

சூப்பர்வைசரி கன்ட்ரோல் அண்ட் டேட்டா அக்விசிஷன் என்ற ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஸ்காடா. தமிழில் 'மேற்பார்வைக் கட்டுப்பாடும் தரவு சேகரிப்பும்' என்று சொல்லலாம். தொலைவில் பரந்து கிடக்கும் இயந்திரங்களின் நிலையை ஓரிடத்தில் திரட்டிப் பார்ப்பதும், அங்கிருந்தபடியே அவற்றுக்கு ஆணையிடுவதும் இதன் வேலை.

'மேற்பார்வை' என்ற சொல்லைச் சற்றுக் கவனியுங்கள். வீடு கட்டுமிடத்தில் மேஸ்திரி ஒவ்வொரு செங்கல்லையும் தானே வைப்பதில்லை. வைப்பவர் கொத்தனார். மேஸ்திரி பார்க்கிறார், வேண்டியபோது சொல்கிறார். அதுபோல மாடித் தொட்டியில் மிதவை சுவிட்சு ஒன்றை வைத்துவிட்டால், தண்ணீர் ஏறியதும் அதுவே மோட்டாரை நிறுத்திவிடும். அது கொத்தனார் வேலை. தொழிற்சாலைகளில் இந்த உடனடி வேலையைச் செய்வது பி.எல்.சி. எனப்படும் சிறு கணிப்பொறி. அது இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பெட்டிக்குள் இருக்கும். 'அழுத்தம் இவ்வளவுக்கு மேல் போனால் வால்வைத் திற' என்பது போன்ற விதிகள் அதற்குள் எழுதப்பட்டிருக்கும். மேலேயுள்ள ஸ்காடா கணிப்பொறி நின்று போனாலும் பி.எல்.சி. தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகச் சொன்னாலே பாதி வெற்றி.

இன்னொன்றையும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "பையன் மாடியில காத்தாடி விட்டுக்கிட்டே, தொட்டியைப் பார்க்காம, 'இன்னும் ரொம்பலம்மா'ன்னு சொன்னா?"

சிரித்தாள். "தண்ணி வீணாப் போகும் தாத்தா."

தண்ணீரோடு போனால் பரவாயில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

தூரம் ஏன் தொல்லை

நம் மைசூர் சமஸ்தானத்துக்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி அருவியிலிருந்து எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாகக் கோலார் தங்கவயலுக்குச் சென்றது. அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீண்ட மின்பாதைகளில் ஒன்று அது. திட்டத்துக்கு வழிவகுத்தவர் திவான் சேஷாத்ரி ஐயர். பணி முடிவதற்குள் 1901-இல் அவர் காலமாகிவிட்டார். பொறுப்பேற்று நடத்திய பொறியாளர் டி லோட்பினியர். அந்த மின்சாரத்தால் இயங்கிய சுரங்கங்களில் வேலை பார்த்தவர்களில் பெரும் பங்கினர் வட ஆற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். நம் சங்கத்திலேயே தங்கவயல் குடும்பங்கள் எத்தனையோ இருக்கின்றன.

மின்சாரம் செய்யுமிடம் ஓரிடம், செலவாகுமிடம் வேறிடம் என்று ஆனவுடனேயே, இங்கே நடப்பது அங்கே எப்படித் தெரியும் என்ற கேள்வி பிறந்துவிட்டது. நெடுங்காலம் அதற்கு விடை மனிதர்கள்தாம். ஒவ்வொரு துணை மின்நிலையத்திலும் ஷிப்டுக்கு ஒருவர். மணிக்கொரு முறை மீட்டரைப் பார்த்துப் பேரேட்டில் எழுதுவார். தொலைபேசியில் சொல்வார். சொன்னபடி சுவிட்சைத் திருப்புவார். பிறகு ரிலேக்கள், தொலைபேசிக் கம்பிகள் இவற்றைக் கொண்டு ஆளில்லாமலே சுவிட்சைத் திருப்பும் முறைகள் வந்தன. கணிப்பொறியும் சேர்ந்த பிறகுதான் ஸ்காடா என்ற பெயர் பரவியது.

ரயில்வேயில் ஸ்காடா

இனி எனக்குச் சோறு போட்ட இடத்துக்கு வருகிறேன்.

இந்தியாவில் மின்ரயில் முதன்முதலில் ஓடியது 1925-இல் பம்பாயில். சென்னைக் கடற்கரை – தாம்பரம் பாதையில் 1931-இல் வந்தது. அவை 1500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடியவை. 1957-இல் இந்திய ரயில்வே 25 கிலோவோல்ட், அதாவது 25,000 வோல்ட் மாறுமின்சார முறையைத் தேர்ந்தெடுத்தது. இன்று தாம்பரம் பாதையும் அதில்தான் ஓடுகிறது. நம் பெங்களூர் – மைசூர் பாதை மின்மயமாகி 19-2-2018 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நான் ஓய்வு பெற்று மகனோடு மைசூரில் குடியேறியதும் அதே ஆண்டில்தான்.

பெங்களூருக்குப் போகும்போது சன்னலோரம் உட்காருங்கள். ரயில்பாதை ஓரத்தில் ஆங்காங்கே கம்பி வேலி போட்ட முற்றங்கள் தெரியும். உள்ளே பீங்கான் இன்சுலேட்டர்கள், ஒரு சிறு கட்டடம், பெரும்பாலும் ஆளே இருக்கமாட்டார்கள். பெரிய டிரான்ஸ்பார்மர் இருந்தால் அது டிராக்ஷன் சப்ஸ்டேஷன். மாநில மின்வாரியக் கம்பியிலிருந்து உயர் அழுத்த மின்சாரத்தை வாங்கி 25 கிலோவோல்ட்டாக இறக்கி ரயில் கம்பிக்குக் கொடுப்பது அது. ஏறத்தாழ 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒன்று இருக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள சிறு முற்றங்கள் பிரிப்பு நிலையங்கள். கம்பியைத் துண்டு துண்டாகப் பிரித்து, வேண்டிய துண்டுக்கு மட்டும் மின்சாரத்தை நிறுத்த உதவும் இன்டரப்டர் என்ற சுவிட்சுகள் அங்கே உள்ளன. இத்தனை இடங்களுக்கும் ஆள் போட்டுக் கட்டுப்படியாகுமா? ஆகவே எல்லாவற்றையும் ஓர் அறையிலிருந்து இயக்குகிறார்கள். அங்கே இரவு பகல் உட்கார்ந்திருப்பவருக்கு டிராக்ஷன் பவர் கன்ட்ரோலர் என்று பெயர். சுருக்கமாக டி.பி.சி. நான் பல ஆண்டுகள் பார்த்த வேலை அது.

நான் சேர்ந்த காலத்தில் சுவர் நீளத்துக்கு ஒரு வரைபடப் பலகை இருந்தது. அதில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு சிறு விளக்கு. இப்போது கணிப்பொறித் திரை. சுவிட்சு மூடியிருந்தால், அதாவது மின்சாரம் பாய வழியிருந்தால் சிவப்பு. திறந்திருந்தால் பச்சை. சிக்னலில் பச்சை என்றால் 'போ' என்று பழகிய புதியவர்கள் முதல் வாரம் தடுமாறுவார்கள். இங்கே சிவப்பு உயிர், பச்சை ஓய்வு.

ஒவ்வொரு முற்றத்திலும் உள்ள சிறு கட்டடத்துக்குள் ஓர் ஆர்.டி.யு. பெட்டி இருக்கிறது. அது மூன்று வகைச் செய்தியைச் சேர்க்கிறது. சுவிட்சு திறந்ததா மூடியதா என்ற 'ஆம், இல்லை' செய்தி ஒன்று. எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்ற 'எவ்வளவு' செய்தி ஒன்று. இத்தனை யூனிட் செலவாயிற்று என்று ஏறிக்கொண்டே போகும் கணக்கு மற்றொன்று. இந்தப் பெட்டிக்குத் தனி பேட்டரி உண்டு. ஊரே இருண்டு கிடக்கும்போதுதான் அதன் பேச்சு நமக்கு மிகவும் தேவை என்பதால் இந்த ஏற்பாடு.

தலைமை நிலையக் கணிப்பொறி ஒவ்வொரு ஆர்.டி.யு.வையும் வரிசையாகக் கூப்பிடும். வகுப்பில் வாத்தியார் வருகைப் பதிவு எடுப்பதைப் போல. "முதல் நிலையம்?" "உள்ளேன் ஐயா, இன்னின்ன மாற்றம்." "இரண்டாம் நிலையம்?" ஒரு சுற்று சில விநாடிகளில் முடிந்து மறுபடி தொடங்கும். பதில் வராத பெட்டியைத் திரையில் தனி நிறத்தில் காட்டும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஆபத்து. தொடர்பு அறுந்த பிறகு திரையில் நிற்பது அந்த நிலையத்தின் கடைசிச் செய்தி மட்டுமே. உறவினர் ஒருவரின் பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கும் அவர் சௌக்கியம் என்று நினைப்பது போல. செம்புக் கேபிள் இருந்த காலத்தில், அதை வெட்டி விற்கிறவர்கள் புண்ணியத்தில் இது அடிக்கடி நடக்கும். கண்ணாடி இழைக் கேபிள் வந்தபின் திருடனுக்கு அதில் லாபமில்லை, தொல்லை குறைந்தது.

ஆணையிடுவது இரண்டு படியில் நடக்கும். முதலில் சுவிட்சைத் தேர்வு செய்ய வேண்டும். ஆர்.டி.யு. "இந்த சுவிட்சுதானே?" என்று திருப்பிக் கேட்கும். சரி என்றால்தான் 'செய்' என்ற ஆணை. ஓட்டலில் சர்வர் "ரெண்டு இட்லி, ஒரு வடை, சரிதானே சார்?" என்று திருப்பிச் சொல்வாரல்லவா? அதே ஏற்பாடுதான். இட்லிக்குப் பதில் வடை வந்தால் சாப்பிட்டுவிடலாம். ஒரு சுவிட்சுக்குப் பதில் வேறொன்று மூடினால் கம்பியில் கை வைத்திருப்பவர் கதி என்ன?

எங்கேனும் மரக்கிளை கம்பியில் விழுந்தால், சப்ஸ்டேஷனில் உள்ள பிரேக்கர் தானாகவே நொடிப்பொழுதில் விழுந்துவிடும். அது கொத்தனார் வேலை, ஸ்காடாவைக் கேட்டுச் செய்வதில்லை. ஒருமுறை தானாகவே மூடிப் பார்க்கும். மறுபடி விழுந்தால் நம் வேலை தொடங்குகிறது. இன்டரப்டர்களையெல்லாம் திறந்து, பிரேக்கரை மூடி, ஒவ்வொரு துண்டாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். எந்தத் துண்டைச் சேர்த்தவுடன் பிரேக்கர் விழுகிறதோ, பழுது அங்கே. சீரியல் பல்பு மாலையில் கெட்ட பல்பைத் தேடுவது போலத்தான். ஆள் அனுப்பித் தேடினால் மணிக்கணக்கில் ஆகும் வேலை, நாற்காலியில் உட்கார்ந்தபடி சில நிமிடங்களில் முடியும். மற்ற துண்டுகளில் ரயில்கள் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்காடாவின் அருமையை இதைவிட வேறெதிலும் நான் கண்டதில்லை.

ஓர் இரவு

அருமையை மட்டும் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு நான் சொன்னதில் பாதியை மறைத்தவனாவேன். இது நடந்தது 1994-இல். எந்தக் கோட்டம் என்பது வேண்டாம்.

இரவு இரண்டரை மணி இருக்கும். ஒரு டிரைவர், மேல்கம்பியைத் தாங்கும் டிராப்பர் ஒன்று அறுந்து தொங்குவதாகச் சொல்லிவிட்டுப் போனார். டவர் வேகனில் ஆட்கள் போய்ச் சேர்ந்தார்கள். லைன்மேன்களுக்குத் தலைவராக இருந்தவர் ஜோலார்பேட்டைக்காரர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். தண்டவாளத்தோரத் தொலைபேசியில் கூப்பிட்டு, அந்தத் துண்டுக்கு மின்சாரத்தை நிறுத்தித் தரச் சொன்னார்.

திறக்க வேண்டிய இன்டரப்டர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தேன். பலகையில் எல்லாம் பச்சை. ஆனால் அந்த நிலையத்தின் வோல்ட் மீட்டர் மட்டும் 25-இலேயே நின்றது. அந்த மீட்டர் மூன்று வாரமாகவே சரியில்லை. மின்சாரம் இல்லாதபோதும் சில சமயம் 25 காட்டும். நானே பதிவேட்டில் இரண்டு முறை எழுதியிருந்தேன். ஆகவே அதைப் பார்த்தும் பாராதவனாக, அனுமதி எண்ணைச் சொன்னேன். அவர் தம் எண்ணைச் சொன்னார். எழுதிக்கொண்டோம்.

இரண்டு நிமிடம் கழித்து என் அறையில் மணி அலறியது. சப்ஸ்டேஷன் பிரேக்கர் விழுந்திருந்தது. அது எந்தத் துண்டுக்கான பிரேக்கர் என்று பார்த்தவுடன் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொலைபேசியை எடுத்தேன். யாரும் பேசவில்லை. அரை நிமிடம் இருக்கலாம், ஒரு நிமிடம் இருக்கலாம். பிறகு ஒரு பையனின் குரல்: "சார், லைன் உயிரோட இருந்துச்சு சார்."

"அண்ணன் எங்கே?"

"இருக்காரு சார். கை வெந்து போச்சு."

அவர் பிழைத்ததற்குக் காரணம் நானல்ல, என் பலகையுமல்ல. கம்பியைத் தொடுமுன் எர்த் ராடு மாட்ட வேண்டும் என்பது விதி. அதிலும் முதலில் ராடின் ஒரு முனையைத் தண்டவாளத்தில் இறுக்கிவிட்டு, பிறகே மறுமுனைக் கொக்கியைக் கம்பியில் மாட்ட வேண்டும். அந்த நள்ளிரவிலும், கன்ட்ரோலர் எண் கொடுத்த பிறகும், அவர் அந்த வரிசையை மாற்றவில்லை. கொக்கி பட்டவுடன் 25,000 வோல்ட்டும் ராடு வழியாகத் தண்டவாளத்துக்குப் பாய்ந்து, பிரேக்கர் விழுந்துவிட்டது. வெடித்த சுடரில் முன்கையும் புருவமும் கருகின. சில வாரம் மருத்துவ விடுப்பு. வரிசையை மாற்றியிருந்தால் விடுப்பு விண்ணப்பத்துக்கே வேலை இருந்திராது.

மறுநாள் அந்த இன்டரப்டரைப் பிரித்துப் பார்த்தோம். இயக்கும் பெட்டிக்கும் மெயின் கான்டாக்டுக்கும் இடையிலுள்ள தண்டில் ஒரு பின் முறிந்திருந்தது. என் ஆணை போனது. பெட்டிக்குள் மோட்டார் சுழன்றது. அதனோடு இணைந்த துணை சுவிட்சும் திரும்பி, 'திறந்துவிட்டேன்' என்று ஆர்.டி.யு.வுக்குச் சொன்னது. ஆர்.டி.யு. எனக்குச் சொன்னது. மெயின் கான்டாக்டு மட்டும் அசையவேயில்லை. யாரும் பொய் சொல்லவில்லை பாருங்கள். துணை சுவிட்சு தனக்குத் தெரிந்ததைச் சொன்னது. மாடியில் நிற்கும் பையன் தொட்டியைப் பார்க்காமல், குழாயில் வரும் சத்தத்தைக் கேட்டுச் சொன்னது போல.

உண்மையைச் சொன்ன ஒரே கருவி அந்த வோல்ட் மீட்டர். அதைத்தான் நான் நம்பவில்லை. அடிக்கடி பொய் சொன்னதால் நம்பவில்லை. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். தகும். அதன் பிறகு பணியிலிருந்த நாளெல்லாம், பச்சை நிறமும் பூஜ்ய வோல்ட்டும் இரண்டும் சேர்ந்து தெரியாமல் நான் எண் கொடுத்ததில்லை. மீட்டர் பழுது என்று தெரிந்தால், "அண்ணே, மீட்டர் எனக்குச் சரியில்ல, லைன் உயிரோட இருக்குன்னே வெச்சுக்கிட்டுப் பாருங்க" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவேன்.

உலகத்தில் நடந்தவை

இது எங்கள் ரயில்வேயின் தனிக்கதை என்று நினைத்திருந்தேன். 14-8-2003 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். டொரொன்டோவில் உறவினர் உள்ளவர்களுக்கு நினைவிருக்கும். ஒஹாயோ மாநிலத்தில் ஒரு மின்நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில், பிற்பகல் 2.14-க்குப் பிறகு எச்சரிக்கை மணி அடிக்கும் மென்பொருள் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்பதை அறிவிக்கவும் ஒரு மணி இல்லை. வெளியே உயரழுத்தக் கம்பிகள் மரங்களில் உரசி ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. உள்ளே திரை அமைதியாக இருந்ததால் எல்லாம் நலம் என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து வந்த தொலைபேசிகள் சொன்னதையும் முதலில் நம்பவில்லை. 4.10 மணியளவில் சரசரவென்று எல்லாம் சரிந்தது.

அங்கே தவறியது மென்பொருள். வேண்டுமென்றே கெடுப்பவர்களும் இருக்கிறார்கள். 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், ஈரானின் நதான்ஸ் நிலையத்தில் சுழல் இயந்திரங்களைத் தாறுமாறான வேகத்தில் ஓடவிட்டுச் சேதப்படுத்தியது. அதே நேரத்தில், முன்பே பதிவு செய்து வைத்த நல்ல அளவுகளைக் கட்டுப்பாட்டு அறைக்குக் காட்டிக்கொண்டிருந்தது. உக்ரைனில் 23-12-2015 அன்று நடந்தது இன்னும் விசித்திரம். கட்டுப்பாட்டு அறை ஊழியர்களின் கண்ணெதிரே மவுஸ் குறி தானாக நகர்ந்து பிரேக்கர்களை ஒவ்வொன்றாகத் திறந்தது. திருடிய கடவுச்சொல்லோடு எங்கிருந்தோ யாரோ இயக்கினார்கள். சுமார் 2,25,000 வாடிக்கையாளர்களுக்கு மின்சாரம் போயிற்று. ஆனால் சில மணி நேரத்தில் திரும்ப வந்துவிட்டது. எப்படி? ஊழியர்கள் வண்டியேறி ஒவ்வொரு சப்ஸ்டேஷனுக்கும் போய்க் கையால் மூடினார்கள். கையால் மூடும் வழக்கம் அவர்களிடம் மறைந்து போகாமல் இருந்தது.

நம் கூடங்குளத்தில் 2019-இல் நிர்வாகக் கணிப்பொறி ஒன்றில் தீநிரல் புகுந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் அமைப்பு வெளி இணைப்பு இல்லாமல் தனியாக இருந்ததால் அதைத் தொடவில்லை என்றும் தெரிவித்தது. அலுவலகக் கணிப்பொறி வேறு, ஆலையை ஓட்டும் கணிப்பொறி வேறு என்று பிரித்து வைப்பது இதனால்தான். எங்கிருந்தோ கொண்டுவந்த பென் டிரைவைச் செருகக் கூடாது என்று தொழிற்சாலையில் சொன்னால், கெடுபிடி என்று முணுமுணுக்காதீர்கள்.

நம் பக்கத்தில் இந்தத் தொழிலின் மிகப் பெரிய மேசை பெங்களூரில், ரேஸ் கோர்ஸ் பகுதியில் உள்ள தென்மண்டல மின்சுமை மேலாண்மை மையம். முப்பந்தலில் காற்றாலை வேகமெடுத்தாலும், கேரளத்தில் மழையால் நீர்மின்சாரம் கூடினாலும், தெலங்கானாவில் வயல் மோட்டார்கள் ஒன்றாகப் போட்டாலும் அங்கே தெரியும். 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸ் வரை என்ற ஒடுங்கிய வரம்புக்குள் அலைவெண்ணை வைத்திருக்க வேண்டும். 31-12-2013 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை மூலம் தென்னகம் மற்ற மண்டலங்களோடு இணைந்த பிறகு, நாடு முழுவதும் ஒரே அலைவெண். சண்டிகரில் விழும் சுமை மைசூரில் ஓடும் மின்விசிறியையும் மயிரிழை அளவு தொடும்.

வேலை தேடும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ஸ்காடா மென்பொருள் பல நிறுவனங்களுடையது. திரை ஒவ்வொன்றிலும் வேறு. ஒன்றைக் கற்றுக்கொண்டால் மற்றது ஒரு மாதத்தில் வரும். அதற்காகப் பெரும் பணம் கட்டிப் படிப்பதற்கு முன், ரிலே, காந்த கான்டாக்டர், கரன்ட் டிரான்ஸ்பார்மர், பிரஷர் டிரான்ஸ்மிட்டர் ஆகியவற்றைக் கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் எங்கோ ஒரு பின், ஒரு ஸ்பிரிங், ஒரு திருகு இருக்கிறது. டிப்ளமா படித்தவர்களுக்கு இந்த இடத்தில் பட்டதாரிகளைவிடக் கை ஓங்கியே இருக்கும் என்பது என் எண்ணம். பட்டதாரி அன்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பயிற்சி

பிள்ளைகள் கீழ்க்கண்டவற்றுக்கு விடை எழுதிப் பாருங்கள்.

மாடித் தொட்டியில் மிதவை சுவிட்சு வைத்தாயிற்று. மோட்டார் ஓடுகிறது என்று அடுக்களை விளக்கு எரிகிறது. ஆனால் தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை. எத்தனை காரணங்கள் இருக்கலாம்? ஒவ்வொன்றையும் கீழிருந்தபடியே கண்டுபிடிக்க என்னென்ன உணர்கருவி வேண்டும்?

உங்கள் வீட்டு விளக்கு சுவிட்சில் சிறு சிவப்பு இண்டிகேட்டர் இருக்கிறதா? அது எரிந்தால் நிச்சயமாகத் தெரிவது என்ன? பல்பு எரிகிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியுமா?

நான் எண் கொடுத்த அந்த இரவில், வோல்ட் மீட்டரும் இல்லை, எர்த் ராடும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியை விட்டு எழாமல், அந்த இன்டரப்டர் உண்மையில் திறந்ததா என்று அறிய வேறு வழி ஏதேனும் உண்டா? மூன்றாவது கேள்விக்குப் பக்கத்து வீட்டுப் பெண் அப்பகுதியின் ஆம்பியர் அளவைப் பார்த்தால் தெரியும் என்றாள். அந்த நேரத்தில் அங்கே ரயிலே ஓடாவிட்டால் என்ன தெரியும் என்று கேட்டேன். யோசித்துவிட்டு வருகிறேன் என்று போயிருக்கிறாள். விடைகளை அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தவறாக இருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பார்ப்போம்.